குழை வைத்த கல்

எங்கள் ஊர்ப் பிள்ளையார்களில் ஒருவரை வைத்தது நான்தான். விசுவமடுவில் எங்கள் வீட்டைத் தாண்டிக் காட்டுக்குப் போகும் பாதையில், ஒரு பாலை மரத்தடியில் அவர் இருக்கிறார். இப்போது தகரக் கூரை உண்டு, வெள்ளிக்கிழமைகளில் பொங்கலும் உண்டு. அவருடைய பூர்வீகம் எங்கள் வீட்டாருக்கு மட்டும்தான் தெரியும்.

போர் முடிந்து நாங்கள் மீளக் குடியேறிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. பாடப் புத்தகத்தில் ஒரு பெரிய தூணின் படம் வந்தது. கீழே 'மொனுமென்ற்' என்று போட்டிருந்தது. அது லத்தீன் மொழியிலிருந்து வந்த சொல், நினைவூட்டுவது என்று அர்த்தம், எச்சரிப்பது என்றும் சொல்லலாம் என்றா ஆங்கில ரீச்சர். சீனி வாங்க மறக்காமலிருக்க அம்மா சேலைத் தலைப்பில் போடுகிற முடிச்சும் மொனுமென்றா என்று ஒருத்தி கேட்டாள். வகுப்பே சிரித்தது. ரீச்சர் சிரிக்கவில்லை. "ஓம், அதுவும்தான்" என்றா.

அந்தக் கிழமைதான் என் ஆட்டுக்குட்டி மரவள்ளி இலையைத் தின்றுவிட்டுச் செத்துப்போனது. அப்பா அதைப் பாலை மரத்தடியில் புதைத்தார். அம்மா மண்ணைத் தள்ளிவிட்டா. எல்லோரும் போன பிறகு நான் குளக்கட்டிலிருந்து ஒரு கறுத்தக் கல்லைத் தூக்கிவந்து மேலே வைத்தேன். தூண் கட்ட எனக்கு வசதியில்லை. குட்டிக்கு இலை குழை என்றால் உயிர். ஆகவே ஒரு கொத்துக் குழை முறித்துக் கல்லின் முன்னால் போட்டேன்.

அங்கேதான் பிழையாகிப்போனது. எங்கள் பக்கத்தில் காட்டுக்குள் போகிறவர்கள் வழிப் பிள்ளையாருக்குக் குழை முறித்து வைத்துவிட்டுத்தான் போவார்கள். மரத்தடியில் கல், கல்லின் முன் குழை. தேன் எடுக்கப் போனவர்களுக்கு வேறென்ன தோன்றும்? அவர்களும் முறித்து வைத்தார்கள். விறகுக்குப் போனவர்கள் திருநீறு பூசினார்கள். ஒரு மாதத்துக்குள் கல்லின் முன்னே கற்பூரம் எரிந்தது.

எனக்கு அழுகை அழுகையாய் வந்தது. ஊரே வந்து கும்பிட்டது, என் குட்டியை நினைக்க ஒருவரும் இல்லை. அம்மாவின் தம்பியான மாமாவிடம் போய் முறையிட்டேன். "மரவள்ளிக்குள்ள ஆட்டை விடாதேங்கோ எண்டு எச்சரிக்கிற கல்லுதானே, இருந்திட்டுப் போகட்டும்" என்று சொல்லி விழுந்து விழுந்து சிரித்தார். கல்லைத் திருப்பி எடுத்துவிடுவது என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன்.

அந்த நாட்களில் எங்கள் வீட்டில் சாமி விளக்கு எரிவதில்லை. இடம்பெயர்ந்து ஓடியபோது வழியில் எங்கேயோ அண்ணாவை விட்டுவிட்டு வந்திருந்தோம். அண்ணா தூரத்தில் இருக்கிறான் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். அப்பா மட்டும் சில ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளில் கடற்கரைப் பக்கம் போவார். பின்னேரம் வந்து, "எந்த மரத்தடி எண்டு பிடிபடேல்லை" என்று அம்மாவிடம் மெல்லச் சொல்வார். எந்த மரம் என்று நான் கேட்டதில்லை.

கல்லை எடுக்கப் போன காலையில் பனி மூட்டமாக இருந்தது. மரங்களெல்லாம் இடுப்புக்குக் கீழே இல்லாமல் மிதந்தன. பாலை மரத்தடியில் யாரோ குந்தியிருப்பது தெரிந்தது. கிட்டப் போனால் அம்மா. கையில் குழை.

"அம்மா, அது பிள்ளையார் இல்லை. எங்கட குட்டியைத் தாட்ட இடம்."

"தெரியும் பிள்ளை. நானும்தானே மண் போட்டனான்." அம்மா கல்லைப் பார்த்தபடியே இருந்தா. "ரீச்சர் ஏதோ சொன்னவா எண்டாய். அதுக்கு என்ன அர்த்தம்?"

"நினைவூட்டுறது."

"ஆரை எண்டு சொன்னவாவோ?"

"இல்லை."

"அப்ப சரி" என்று சொல்லிக் குழையைக் கல்லின் முன்னால் வைத்தா. பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, சத்தமே இல்லாமல் நெடுநேரம் அழுதா.

என் குட்டிக்காக இவ்வளவு அழ ஒருவர் இருக்கிறாரே என்று எனக்கு மனம் நிறைந்துபோனது. கல்லை எடுக்கிற எண்ணத்தை விட்டுவிட்டேன். அம்மாவின் முதுகைத் தடவினேன்.

"அழாதேங்கோ அம்மா. வேற ஒண்டு வாங்கலாம்."

அம்மா என்னை இழுத்து அணைத்து, "ஓம் பிள்ளை, வாங்கலாம்" என்றா. அம்மாவைத் தேற்றிவிட்ட பெருமையோடு நான் அன்றைக்குப் பள்ளிக்கூடம் போனேன்.