காலண்டரில் நின்ற கலங்கரை விளக்கம்

சிவகாசியில் பெரியப்பாவின் அச்சகத்தில் மாதக் காலண்டர் ஒன்றைப் புரட்டியபோதுதான் அந்த யோசனை வந்தது. நடுக்கடலில் ஒரு சின்னத் தீவு, அதில் சிவப்பு வெள்ளைப் பட்டை போட்ட கலங்கரை விளக்கம். அங்கே யார் குடியிருந்து விளக்கேற்றினார்கள்? அதன் வரலாற்றை நான்தான் எழுதப்போகிறேன் என்று அப்போதே முடிவுசெய்தேன்.

பகலில் மாலுமிகள் பட்டையின் நிறத்தை வைத்துத்தான் அடையாளம் காண்பார்கள் என்று படித்து, அதையே பிடித்துக்கொண்டு ஆறு மாதம் தேடினேன். எழுதிக் கேட்ட இடத்திலெல்லாம் அப்படி ஒன்று இல்லை என்றார்கள். கடைசியில், முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய, அச்சகத்தில் படம் வடிவமைக்கும் அண்ணனிடம் கேட்டேன்.

"அதுவா? வெறும் வெள்ளையாத்தாம்மா இருந்துச்சு. ஆர்டர் குடுத்த பட்டாசுக் கம்பெனிக்குச் செவப்புதான் ராசி. நாந்தான் பட்டை போட்டேன். தென்னை மரங்கூட நான் வச்சதுதான். எம்புட்டு அம்சமா இருக்கு பாருங்க!"

எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"அசல் படம் இருக்காண்ணே?"

"சீசன் முடிஞ்சதும் அழிச்சிருவோமே."

"கோபுரத்துச் சன்னலையாவது தொடாம விட்டீகளா?"

"அதுல கை வைக்கலம்மா."

மூன்று சன்னல்கள், நடுச் சன்னல் மட்டும் இடப்பக்கம் ஒதுங்கியிருக்கிறது. இனி வெள்ளைக் கலங்கரை விளக்கங்களின் படங்களைச் சேர்த்து, அந்தச் சன்னலைத் தேடப்போகிறேன்.