கடைக் குழந்தையின் பெயர் தேடி லாச்சப்பலுக்கு

வியாழன், காலை பத்தரை. லண்டனில் கடலடி ரயில் ஏறினேன். ஒருவழிச் சீட்டு அறுபத்துநான்கு பவுண். அதற்கு முன் எங்கள் ஊரான தோர்ன்ஹோவிலிருந்து ஸ்டோமார்க்கெட் வரை ஏழு மைல் காரிலும், அங்கிருந்து லண்டன் வரை ஒன்றரை மணி நேரம் ரயிலிலும் வந்தாயிற்று. பாரிசுக்குப் போகிறவர்கள் கோபுரம் பார்ப்பார்கள், படம் எடுப்பார்கள். நான் போனது ஒரு குழந்தையின் பெயரைக் கேட்க.

தோர்ன்ஹோ, சஃபோக் மாவட்டத்தில் ஒரு சின்னக் கிராமம். ஒரு வேதக் கோயில், ஒரு மதுச்சாலை, ஒரு கடை. அந்தக் கடையை இருபது வருடம் நடத்தி ஓய்ந்தவன் நான். ஓய்ந்த கையோடு ஊர் வரலாற்றுக் குழுவில் இழுத்துப் போட்டுவிட்டார்கள். கோயில் சேமக்காலையில் யார் யார் புதைக்கப்பட்டிருக்கிறார்கள், எங்கே பிறந்தார்கள், என்ன தொழில் செய்தார்கள் என்று தேடி எழுதுவதுதான் வேலை. வடக்கு மதிலோரத்து வரிசை என் பொறுப்பு. மழையில் குடை பிடித்துக்கொண்டு கல்லில் பாசி சுரண்டும் என்னைப் பார்த்து என் மனைவி, "செத்த வெள்ளைக்காரருக்குச் செய்யிற ஊழியத்திலை பாதி எனக்குச் செய்திருக்கலாம்" என்பாள்.

அந்த வரிசையில் கல்லே இல்லாத சின்னக் குழி ஒன்று உண்டு. ஊரில் அதற்குப் பெயர் "கடைக் குழந்தை". எனக்கு முன்பு அந்தக் கடையை நடத்திய தமிழ்க் குடும்பத்தின் பிள்ளை. சைவக்காரர்தான், ஆனால் நம் வழக்கப்படி சின்னப் பிள்ளைகளை எரிப்பதில்லையே. அப்போதிருந்த பாதிரியார் மறுபேச்சில்லாமல் இடம் கொடுத்தாராம். பிறகு கடை பூட்டிக் கிடந்தது, குடும்பம் பிரான்சுக்குப் போய்விட்டது. நான் அவர்களைக் கண்டதே இல்லை.

வருகிற சித்திரையில் கல் இல்லாத குழிகளுக்கெல்லாம் சின்னக் கல் பதிக்கப் போகிறோம். குழுத் தலைவி மார்கரெட் ஓய்வுபெற்ற ஆசிரியை, நல்ல மனுசி. அவர், "பெயர் தெரியாவிட்டால் 'கடைக் குழந்தை' என்றே வெட்டுவோம்" என்றார். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. பிள்ளை என்ன கடைச் சாமானா? தாயைக் கண்டுபிடித்துப் பெயரைக் கேட்டு வருகிறேன் என்று வாய் விட்டுவிட்டேன். கையில் இருந்தது மார்கரெட் எடுத்துவைத்திருந்த பழைய படம் ஒன்று: கடை மேசைக்குப் பின்னால், பொட்டும் கம்பளிச் சட்டையுமாக ஒரு இளம் பெண். ஊர் அவரை "மிசிஸ் ராஜா" என்றுதான் அறியும்.

பிற்பகல் ஒன்று ஐம்பது, பாரிஸ் நேரம். கார் து நோர் நிலையத்தில் இறங்கி வடக்கே பத்து நிமிடம் நடந்தால் லாச்சப்பல், பாரிசின் தமிழ்க் கடைத்தெரு. மச்சான் யோகன் நிலையத்துக்கே வந்திருந்தான். என் மனைவியின் தம்பி. பாரிசின் புறநகரான ஸ்தேனில் குடியிருக்கிறான், உணவகமொன்றில் சமையல். அன்று அவனுக்கு லீவு.

கடை கடையாக ஏறி இறங்கினோம். படத்தை நீட்டினால் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி.

"ஊரிலை எவடம்?"

யாழ்ப்பாணம் என்பதற்கு மேல் எனக்குத் தெரியாது. தோர்ன்ஹோவில் மனிதரைத் தேடுவது ஆண்டை வைத்து, ஞானஸ்நானப் பதிவை வைத்து. இங்கே ஊர் தெரிந்தால்தான் அடுத்த கேள்வியே பிறக்கும். அதன் பிறகுதான் எந்தப் பள்ளிக்கூடம், எந்தக் கோயிலடி, ஆருக்கு என்ன முறை என்று கதை ஓடும். ஊர் தெரியாமல் வந்த என்னைக் கடைக்காரர்கள் பாவமாகப் பார்த்தார்கள்.

"ராஜா எண்டால் லாச்சப்பலிலை கல்லெறிஞ்சால் ஒரு ராஜாவிலை தான் படும், அத்தான்" என்றான் யோகன்.

என்னிடம் வேறு ஆயுதமும் இருந்தது. வீட்டிலேயே ஒரு நோட்டீஸ் அடித்துக்கொண்டு வந்திருந்தேன். மேலே படம். கீழே, "யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகவும், இங்கிலாந்து தோர்ன்ஹோவை முன்னாள் வதிவிடமாகவும், பிரான்சைத் தற்போதைய வதிவிடமாகவும் கொண்ட திருமதி ராஜா அவர்களை அறிந்தவர்கள் தொடர்புகொள்ளவும்" என்று ஒரு பந்தி. அடியில் "தகவல்" என்று போட்டு என் தொலைபேசி இலக்கம். எழுதும்போது நன்றாகத்தான் இருந்தது. நம் ஆளொருவரை அச்சில் வேறு எப்படித்தான் அறிமுகப்படுத்துவது? ரூ பஜோல் வீதி மூலையில், பிள்ளையார் கோயிலுக்குப் போகிற வழியில் உள்ள பலசரக்குக் கடைக்காரரிடம் கொடுத்தேன். ஆள் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசிக்கவில்லை.

"ஓம் அண்ணை, ஒட்டிவிடுறன். கண்ணாடியிலை ஒரு இடம் கிடக்கு."

மாலை ஐந்து மணி. ரயிலேறி ஸ்தேனில் யோகன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். இடியப்பமும் சொதியும் ஆக்கியிருந்தார்கள். கை கழுவ முன்னமே தொலைபேசி அடித்தது.

"அண்ணை, எப்ப நடந்ததாம்?" ஒரு ஆண் குரல், மெல்லமாக.

"என்ன எப்ப நடந்தது?"

"மிசிஸ் ராஜா அக்கான்ரை விசயந்தான். கிரியை எங்கையாம்?"

வைத்ததும் இன்னொன்று. அவர் மலர்மாலைக்கு யாரிடம் சொல்வது என்று கேட்டார். மூன்றாவது ஆள் அழுதேவிட்டார். நான் விளக்கத் தொடங்கினால், "உங்கடை மனம் எனக்கு விளங்குது" என்கிறார். யோகன் தன் தொலைபேசியில் நோட்டீசின் படத்தைப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தான். யாரோ படமெடுத்து ஊரெல்லாம் அனுப்பிவிட்டார்கள்.

"அத்தான், இது மரண அறிவித்தல் எல்லோ! பிறப்பிடம், வதிவிடம், தகவல். இதுக்குப் பிறகு ஆர் மிச்சத்தை வாசிக்கிறது? ஒட்டியிருக்கிற இடத்தைப் பாருங்கோ."

பார்த்தேன். இடப்பக்கம் ஒரு ஐயாவின் கண்ணீர் அஞ்சலி, வலப்பக்கம் ஒரு அம்மாவின் முப்பத்தோராம் நாள். நடுவில் என் மிசிஸ் ராஜா, சிரித்த முகத்தோடு. ஐயோ என்று இருந்தது. பிள்ளையின் பெயரைக் கேட்க வந்தவன் தாயைக் கொன்றுவிட்டேன்.

ஏழு மணிக்கு வந்த அழைப்பில் பெண் குரல்.

"ஆர் கதைக்கிறது?" என்றேன்.

"செத்த ஆள்தான் கதைக்கிறன்."

நான் கதிரையை விட்டு எழுந்து நின்றேன்.

"என்ரை மகன் வேலையை விட்டிட்டு அழுதுகொண்டு ஓடி வந்து நிக்கிறான். ஆரப்பு நீர்? என்னத்துக்கு என்னைச் சாக்காட்டினீர்?"

மன்னிப்புக் கேட்டேன், திரும்பவும் கேட்டேன். தோர்ன்ஹோ என்று சொன்னதும் கோபம் தணிந்தது. பிறகு மெதுவாக, "நாளைக்குக் காலமை அந்த நோட்டீசைக் கழட்டிப் போட்டு அங்கையே நில்லும். நான் வாறன்" என்றார்.

வெள்ளி, காலை ஒன்பதரை. கண்ணாடியில் படத்தைச் சுரண்டி எடுத்துக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றார். பெயர் தவமணி. அறுபத்தெட்டு வயதிருக்கும், பொண்டிப் புறநகரில் மகளோடு இருக்கிறார். கணவர் ராஜா தவறி நான்கு வருடம். அவர் என்னைத் தம்பி என்றார், நான் அக்கா என்றேன். பக்கத்துத் தேநீர்க் கடையில் இருந்தோம். பிளேன் ரீ ஒரு யூரோ இருபது சதம், ரோல்ஸ் ஒன்றரை யூரோ. ரோல்சை அவர் தொடவில்லை. படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இந்தச் சட்டை அந்த ஊர் மனுசியொண்டு பின்னித் தந்தது. சொல்லும் தம்பி. கடை விசயமோ?"

"இல்லை அக்கா. சேமக்காலை விசயம்."

அவர் கண்ணாடிக்கு வெளியே வீதியைப் பார்த்தார். எனக்குப் பயமாக இருந்தது. ஆறின புண்ணைக் கிளற எனக்கென்ன உரிமை? ஆனாலும் கல் பதிக்கப் போவதைச் சொன்னேன், பெயர் வேண்டும் என்றும் சொன்னேன்.

"பேரோ? பேர் வைக்கேல்லையே, அப்பு. பிறந்து முப்பத்தொண்டு கழிச்செல்லோ வைக்கிறது. அதுக்கு முன்னமே போயிட்டாள். அவர் பேப்பரிலை பேபி எண்டு குடுத்தவர்."

இவ்வளவு தூரம் வந்து, ஆளையும் சாகடித்து, கடைசியில் பெயரே இல்லை. நான் தேநீரைக் குடித்தேன்.

"நீங்கள் பிறகு அங்கை போகேல்லையோ, அக்கா?"

"இல்லை. போனால் அவளை விட்டிட்டுத் திரும்பி வரமாட்டன் எண்டு பயம். அவர் கூப்பிட்டவர், நான் தான் மாட்டன் எண்டனான்." பிறகு திடீரென்று கேட்டார்: "பக்கத்திலை ஆர் கிடக்கினம்?"

இது எனக்குத் தெரியும். பாசி சுரண்டியவன் நான்தானே.

"இடப்பக்கம் ஏடா எண்டு ஒரு மனுசி. ஊர் மருத்துவிச்சி. பக்கத்துக் கிராமங்களுக்கும் சைக்கிளிலை போய்ப் பிள்ளைப்பேறு பாத்தவ. வலப்பக்கம் கோயில் மணி அடிச்ச மனுசன்."

"மருத்துவிச்சிக்குப் பிள்ளையள் இருந்ததோ?"

"இல்லை அக்கா. கலியாணம் கட்டேல்லை."

"அப்ப அவளை வடிவாப் பாத்திருப்பா" என்றார். இத்தனை வருடம் பிள்ளை தனியாகக் கிடக்கிறாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாராம். சொல்லிவிட்டுச் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். நான் ரோல்சைக் கடித்தேன்.

எழும்பும்போது சொன்னார், "குஞ்சு எண்டு எழுதுங்கோ. சித்திரைக்கு நானும் வாறன், இனி அவளை விட்டிட்டுத் திரும்பலாம்."

"அக்கா, குஞ்சு எண்டு எல்லாரும் எல்லாப் பிள்ளையையும் கூப்பிடுறதெல்லோ?"

"நான் அவளை மட்டுந்தான் கூப்பிட்டனான். பிறகு பிறந்த ரெண்டையும் பேர் சொல்லித்தான் கூப்பிடுறது. அது ஏனெண்டு அதுகளுக்குத் தெரியாது."

பிற்பகல் மூன்று மணி ரயில். வயல்கள் ஓடுகின்றன. மார்கரெட்டை அழைத்துச் சொன்னேன். குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார். வேண்டாம், குஞ்சு மட்டும் போதும் என்றேன். அவர் ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டு எழுதிக்கொண்டார். தோர்ன்ஹோவில் இருபது வருடம் கடை வைத்திருந்தும் நான் அங்கே வந்தேறிதான். அந்தப் பிள்ளை எனக்கு முதலே அந்த ஊர் ஆள் என்பது கடலுக்கடியில் போகும்போதுதான் உறைத்தது.

சுரங்கம் தாண்டி இங்கிலாந்துப் பக்கம் வெளிச்சம் வந்ததும் தொலைபேசி திரும்ப உயிர் பெற்றது. முன்பின் தெரியாத குரல்.

"அண்ணை, தவமணி அக்கான்ரை கிரியை எப்ப?"

"அவ சுகமா இருக்கிறா. சித்திரையிலை எங்கடை ஊருக்கு வாறா, மகளைப் பாக்க."

"மகளோ? மகள் பொண்டியிலை எல்லோ இருக்கிறா?"

"அது இளையவள்" என்றேன். "இது மூத்தவள்."