ஒரே வீட்டில் இரண்டு பச்சை உடம்பு

பிள்ளை பெற்ற பெண்களை அவர்கள் வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. பதினொரு வருடமாக ஒரே ஏஜென்சி. மாத்திரை ஒரு நிமிடம் முந்தாது, பால் ஒரு நிமிடம் பிந்தாது என்பதால் போன வீடுகளிலெல்லாம் அவளுக்குக் கடிகாரக்கா என்றே பேர். வயிற்றில் தையல் உள்ளவளை எப்படி ஒருக்களித்துப் புரட்டி எழுப்புவது, கல்லாகக் கட்டிப்போன மார்பை எப்படி இளக்குவது, காரணமில்லாமல் அழுகிறவளை எத்தனை நாள் அழ விடலாம், எப்போது டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும் என்பதெல்லாம் அத்துப்படி.

முப்பத்தெட்டு வயதில், இனி இல்லை என்று விட்டுவிட்ட நேரத்தில் அவளே உண்டானாள். ஏஜென்சி மேடம் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

"ரொம்ப சந்தோஷம். ஆனா ஒரு மாசத்துக்கு மேல லீவுன்னா லிஸ்ட்ல பேர் இருக்காது. உனக்குத் தெரியாததா?"

டாக்டர் சொன்ன தேதியன்று லீவு போட்டாள். பிள்ளை பன்னிரண்டு நாள் பிந்தி வந்தது. மிச்சம் பதினெட்டு நாள். பெண் குழந்தை. இரவும் பகலும் மார்பிலேயே கிடந்தது.

புருஷனுக்குக் குளிர்பதனக் கிடங்கில் பெட்டி ஏற்றும் வேலை. வேலைக்குப் போகட்டுமா என்று அவனிடம் கேட்டாள்.

"உன் இஷ்டம்" என்றான் அவன்.

வேண்டாம் என்று ஒரு வார்த்தை வரும் என்று சாப்பாடு முடிகிறவரை எதிர்பார்த்தாள். அவன் கை கழுவிவிட்டுப் படுத்துவிட்டான். பத்தொன்பதாம் நாள் காலை, அடுத்த தெருவில் இருக்கும் தங்கையிடம் குழந்தையையும் பால்புட்டியையும் கொடுத்துவிட்டுப் புறப்பட்டாள்.

"அந்த வீட்ல வாயைத் திறக்காதே. பச்சை உடம்புக்காரின்னு தெரிஞ்சா வேண்டாம்னுருவாங்க" என்று மேடம் சொல்லி அனுப்பியிருந்தாள்.

நான்காவது மாடி. ஆப்பரேஷன் ஆகிப் பன்னிரண்டு நாளான இளம்பெண், ஒரு ஆண் குழந்தை, அந்தப் பெண்ணின் மாமியார். விரல் வைத்தால் தடம் தெரியும் என்று மாமியார் கதவுக் கைப்பிடியைக்கூடத் துடைத்துக்கொண்டிருப்பாள். மருமகளுக்குப் பால் சரியாக ஊறவில்லை. குழந்தை அழும்போதெல்லாம் மாமியார் கூடத்திலிருந்தே குரல் கொடுப்பாள்: "பெத்தது மட்டும் போதுமா? பாலும் கடையிலதான் வாங்கணுமா?"

அந்த அழுகை கேட்டதும் கடிகாரக்காவுக்கு மார்பு சுரந்துவிடும். உள்ளே துண்டை நாலாக மடித்து வைத்து, இரண்டு ரவிக்கை போட்டு இறுக்கியிருந்தாள். தாங்க முடியாதபோது குளியலறைக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு, பாலைப் பீய்ச்சித் தொட்டியில் விடுவாள். கதவுக்கு வெளியே ஒரு குழந்தை பசியில் அழும். தன் குழந்தை எந்த நேரத்தில் அழும் என்றும் அவளுக்குத் தெரியும். முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்து, "வரும்மா, வரும். மனசைப் போட்டு அலட்டிக்காம வச்சுப் பாருங்க" என்று அந்தப் பெண்ணின் முதுகைத் தடவிவிடுவாள்.

மூன்றாம் நாள் குளிர் எடுத்தது. காய்ச்சல் மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டாள். நான்காம் நாள் காலை அந்தப் பெண்ணிடம், "ஒரு மணி நேரத்துக்குள்ள ஒரு நாப்கின் முழுசா நனைஞ்சா காத்திருக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிதான். கட்டி கட்டியா போனாலும் அப்படித்தான்" என்று சொல்லிக்கொடுத்தாள். அன்று மதியம் கடிகாரக்காவுக்கே அரை மணிக்கு ஒன்று நனைந்தது. ஏழு மணிக்கு வேலை முடியும், போகும் வழியில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

நாலரைக்குக் குழந்தைக்கு உடுப்பு மாற்றிவிட்டு முக்காலியிலிருந்து எழுந்தாள். அதன் வெள்ளை உறை சிவந்திருந்தது.

"அக்கா, உங்களுக்கு..."

"ஒண்ணுமில்லைம்மா. மாசாமாசம் வர்றதுதான்."

அந்த நேரம் பார்த்துக் குழந்தை வீறிட்டது. துண்டையும் இரண்டு ரவிக்கையையும் தாண்டிப் பால் நனைந்து பரவியது. அந்தப் பெண் அதையே பார்த்தாள்.

"உங்களுக்கும் குழந்தை பிறந்திருக்கா?"

"பொண்ணு. இருபத்திரெண்டு நாளாச்சு."

"அப்ப நான் பால் இல்லைன்னு அழுதப்பல்லாம் உங்ககிட்ட இருந்துச்சா? பாத்துட்டே இருந்தீங்களா?" சட்டென்று தலையைத் திருப்பிக்கொண்டு, "அத்தை!" என்று கத்தினாள்.

மாமியார் வந்தாள். முதலில் குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். அடுத்து ஏஜென்சிக்குப் போன் போட்டாள். "ரத்தம் வடிய வடிய ஒருத்தியைப் பச்சைக் குழந்தை இருக்குற வீட்டுக்கு அனுப்பியிருக்கீங்களே, உங்களுக்கெல்லாம் மனசாட்சி இருக்கா?" பிறகு இவள் பக்கம் திரும்பி, "இந்தாம்மா, அந்த உறையை அலசிப் போட்டுட்டுப் போ" என்றாள்.

அவள் அலசினாள். தண்ணீர் சிவப்பாகவே ஓடியது. லிப்ட்டில் தரை கெட்டுவிடாமல் இருக்க மாமியார் இரண்டு நியூஸ்பேப்பரை விரித்துக் கொடுத்தாள். கீழே வந்ததும் இவள் அதன்மேலேயே கால் மடங்கி உட்கார்ந்துவிட்டாள். வாட்ச்மேன்தான் ஓடிவந்து ஒரு ஆட்டோவைப் பிடித்து ஏற்றினான்.

நஞ்சுக்கொடியில் ஒரு துண்டு உள்ளேயே தங்கி அழுகியிருந்தது. ரத்தம் நிற்காததால் கர்ப்பப்பையை எடுத்தார்கள். விழித்ததும் டாக்டரம்மா கோபப்பட்டாள்.

"பிள்ளை பெத்தவங்களைப் பாத்துக்குற வேலைல இருந்துக்கிட்டு இது ஆபத்துன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்" என்றாள்.

புருஷன் ஆஸ்பத்திரிக்கு வந்து, கட்டிலைப் பிடித்தபடி நின்றுகொண்டு, "நானா போகச் சொன்னேன்?" என்றான்.

ஆஸ்பத்திரியில் நான்காம் நாள் செல்போன் அடித்தது. அந்த வீட்டுப் பெண்.

"அக்கா, இவன் ஏப்பமே விட மாட்டேங்கிறான். பாலெல்லாம் கக்கிடுறான். நீங்க எப்படிப் பிடிப்பீங்க?"

பேசினால் தையல் இழுத்தது. "தோள்ல வேண்டாம்மா. மடியில உக்கார வச்சு, தாடையைக் கையில தாங்குங்க. தட்டாதீங்க. முதுகைக் கீழேருந்து மேலே தடவிவிடுங்க."

மறுமுனையில் குழந்தையின் சிணுங்கல் கேட்டது. பிறகு, "வந்துருச்சுக்கா!" என்று ஒரு சிரிப்பு. போன் வைக்கப்பட்டது. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று அவள் கேட்கவில்லை.

ஏஜென்சி லிஸ்ட்டிலிருந்து கடிகாரக்காவின் பேரை எடுத்துவிட்டது. விவரத்தை மறைத்தாள் என்பது காரணம். மறைக்கச் சொன்ன மேடமே அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

பதினேழு நாள் கழித்து வீடு திரும்பியபோது பால் வற்றியிருந்தது. குழந்தையை வாங்கினாள். அது உடம்பை வில்லாக வளைத்துக் கத்தியது. தங்கை வாங்கியதும் அடங்கியது. கனமான எதையும் ஆறு மாதம் தூக்கக் கூடாது என்றிருந்தார்கள். அந்த ஆறு மாதமும் குழந்தை தங்கை வீட்டிலேயே வளர்ந்தது.

இப்போது அவளுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைப் புரட்டிவிடுவது. மகளுக்கு மூன்று வயது; இவள் வேலைக்குப் போகும் பகலெல்லாம் தங்கை வீட்டில்தான். தங்கை மகன் இவளைப் பெரியம்மா என்று கூப்பிடுவான். அதைக் கேட்டுக் கேட்டு மகளும் இவளைப் பெரியம்மா என்கிறாள், தங்கையை அம்மா என்கிறாள். ஆரம்பத்தில் உட்கார வைத்துத் திருத்திப் பார்த்தாள்.

"நான்தான்டி அம்மா."

குழந்தை சிரித்துக்கொண்டே தலையாட்டியது. "சரி பெரியம்மா" என்றது.