பேச்சு நின்னா நடக்கணும்!

இன்னிக்குக் காலைல என் பொண்ணு ஸ்கூல் கிரவுண்ட்ல...

இருங்க, மூச்சு வாங்கிட்டுச் சொல்றேன். (ஏன் வாங்குதுன்னு கடைசில தெரியும்!)

என் பொண்ணு பவி, எட்டாங்கிளாஸ். சின்ன வயசுல இருந்தே வீசிங். பி.டி. பீரியட்னாலே "நீ மரத்தடில உக்காரும்மா"ன்னுடுவாங்க. எல்லாரோட வாட்டர் பாட்டிலுக்கும் இவதான் வாட்ச்மேன்!

இந்த வருஷம் ஒரே பிடிவாதம். "மா, நான் கோ-கோ டீம்ல சேரணும்."

நான் வேணாம்னா கேக்கறதா இல்ல. டாக்டராவது வேணாம்னு சொல்லட்டும்னு கூட்டிட்டுப் போனேன்.

அவர் நல்லா செக் பண்ணிட்டு, "வீசிங் கன்ட்ரோல்ல இருக்கு, தாராளமா ஓடட்டும். இன்ஹேலர் பாக்கெட்ல இருக்கணும். இப்போதைக்குப் பேசிக்கிட்டே ஓடற ஸ்பீடு போதும். பேச முடியலைன்னா நடக்கணும். கொஞ்சம் கொஞ்சமா ஏத்திக்கலாம்"னார்.

பேசணுமா! எங்க பவியா! (தூக்கத்துலயும் பேசற ஜென்மம் சார் அது!)

மறுநாளே அப்பாவும் பொண்ணும் அல்சூர் ஏரிக்குக் கிளம்பிட்டாங்க.

எங்க வீட்டுக்காரர் வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடும். அவ பேசிக்கிட்டே ஓட, இவர் "உம்" கொட்டிக்கிட்டே ஓட... அப்படி ஒரு ஜோடி!

முதல்ல எல்லாம் ஒரு வளைவு தாண்டறதுக்குள்ள பேச்சு நின்னுடும். உடனே நடப்பாங்க. அப்புறம் மெல்ல மெல்ல கதை நீள ஆரம்பிச்சுது.

இப்போ எட்டாங்கிளாஸ்ல யாருக்கும் யாருக்கும் சண்டைன்னு எங்க வீட்டுக்காரருக்கு அத்துப்படி!

இன்னிக்கு டீம் செலக்‌ஷன். வீசிங் பொண்ணுங்கறதால பேரண்ட் ஒருத்தர் கூட இருக்கணும்னாங்க. நான் போனேன்.

பீப் டெஸ்ட்டாம். இந்தக் கோட்டுக்கும் அந்தக் கோட்டுக்கும் மாத்தி மாத்தி ஓடணும். ஸ்பீக்கர்ல பீப் அடிக்கறதுக்குள்ள கோட்டைத் தொடணும். போகப் போக பீப் சீக்கிரம் சீக்கிரம் அடிக்கும். விட்டா அவுட்!

மத்த பொண்ணுங்க எடுத்ததுமே பறந்தாங்க. பீப்புக்கு ரொம்ப முன்னாடியே போய் நின்னாங்க.

எங்க மகாராணி? பக்கத்துல ஓடற பொண்ணுகிட்ட கதை சொல்லிக்கிட்டே, கரெக்டா பீப் அடிக்கும்போது போய்ச் சேர்றா!

பி.டி. சார் கடுப்பாகிட்டார். "ஏனம்மா இது! மாத்து சாக்கு, ஓடு!" (பேச்சு போதும், ஓடுன்னு கன்னடத்துல.)

இவ ஓடிக்கிட்டே திருப்பிச் சொன்னா பாருங்க!

"மாத்தாடக்கே ஆகோவரெகூ ஓடக்கே ஆகத்தே சார்!"

(பேச முடியற வரைக்கும் ஓட முடியும் சார்!)

கிரவுண்டே சிரிச்சுது. எனக்கு மட்டும் சிரிப்பு வரல. கையில இன்னொரு இன்ஹேலரை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்.

பறந்தவங்க ஒவ்வொருத்தரா இடுப்புல கை வச்சுக்கிட்டு வெளிய வந்தாங்க. இவ மட்டும் இன்னும் கதை சொல்லிட்டிருக்கா. கேக்கத்தான் பக்கத்துல ஆள் இல்ல!

கடைசில இவளும் இன்னொரு பொண்ணும்தான் பாக்கி.

திடீர்னு பவி பேச்சை நிறுத்திட்டா.

எனக்கு உயிரே போயிடுச்சு. கூப்பிடலாம்னு வாயெடுத்தேன். அதுக்குள்ள அந்தக் கோட்டைத் தொட்டுட்டு, அவளே கையைத் தூக்கி "சார், நான் நடக்கறேன்"னு வெளிய வந்துட்டா. வீசிங் இல்ல, இருமல் இல்ல. முகம் மட்டும் தக்காளியா செவந்திருந்துது.

பி.டி. சார் கிட்ட வந்து, "எல்லி நிறுத்தணும்னு தெரிஞ்ச பொண்ணு, டீம்ல இருக்கட்டும்"னார். (எல்லின்னா எங்கன்னு அர்த்தம்.) என்னைப் பார்த்துட்டுப் பாதித் தமிழ்லயே சொன்னார்!

வாயுள்ள பிள்ளை பிழைச்சுக்கும்னு சும்மாவா சொன்னாங்க!

நான் செருப்பைக் கூட விட்டுட்டு கிரவுண்டைத் தாண்டி ஓடிப் போய் அவளைக் கட்டிப் பிடிச்சேன். பெருமையா நாலு வார்த்தை சொல்லணும்னு பார்க்கறேன், மூச்சு முட்டுது, ஒரு வார்த்தை வரல!

அவ என் முதுகைத் தட்டிக் குடுத்துட்டுச் சொன்னா:

"மா, உனக்குப் பேச்சு நின்னுடுச்சு. ரூல் தெரியும்ல? வா, நடக்கலாம்."