உப்பு இல்லை அது

எழுத்து என்று இதுவரை நான் எழுதியதெல்லாம் இன்ஜின் எத்தனை மணிக்கு ஓடியது, எத்தனை மணிக்கு நின்றது என்று முதலாளியின் நோட்டில் குறித்ததுதான். பத்தாவதோடு நின்றவன். நாலு பேர் படிக்கும்படி எழுத உட்கார்ந்ததே அதிகப்பிரசங்கித்தனம். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்ல முடியாமல் போன ஒன்றைக் கையாலாவது சொல்லிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை வார்க்கிற சின்ன யூனிட் ஒன்றில் வேலை பார்த்தேன். களிமண்ணைக் கரைத்துத் தொட்டியில் கூழாக வைத்திருப்போம். அதைக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நாள் சும்மா விட்டால் அடியில் கல் மாதிரி உட்கார்ந்துவிடும். கரண்ட் அடிக்கடி போனதால், கடலூர் துறைமுகத்தில் யாரோ படகிலிருந்து கழற்றிப் போட்டிருந்த பழைய டீசல் இன்ஜினை முதலாளி வாங்கி வந்து தொட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினார். எங்கள் ஊரில் படகு இன்ஜின்! “இன்ஜினு வந்துடுச்சு, கடலு எந்த பஸ்ஸுல வருது?” என்று வார்ப்புப் பட்டறைப் பெண்கள் பல நாள் சிரித்தார்கள். அதைப் பார்த்துக்கொள்ள என்னைப் போட்டார்கள்.

ஒரு முறை டீசல் பில்டரை நானே மாற்றினேன். அது உருளையான தகர டப்பா. மேலே ரப்பர் வாசர் வைத்துத் திருகி மாட்ட வேண்டும். மாட்டிய இடத்தில் டீசல் லேசாகக் கசிந்தது. மெக்கானிக்கைக் கூப்பிட வெட்கம். எங்களிடம் டப்பா டப்பாவாக சிலிகேட் இருந்தது. தேன் மாதிரி இருக்கும்; களிமண் கூழ் இளகி ஓடுவதற்காக ஊற்றுவது. காய்ந்தால் கண்ணாடியாக இறுகும். சூளையில் விரிசல் விட்ட செங்கல்லை அதை வைத்துத்தான் ஒட்டுவோம். செங்கல்லை ஒட்டுவது தகரத்தை ஒட்டாதா என்று நினைத்து, வாசருக்கு மேலும் கீழும் பிரஷ்ஷால் தடவி இறுக்கி முறுக்கிவிட்டேன். கசிவு நின்றது. “பரவாயில்லியே, மெக்கானிக்கே ஆயிட்ட” என்றார் முதலாளி. அந்த வார்த்தையை நான் வீட்டிலும் போய்ச் சொன்னேன்.

சில மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை, கரண்ட் இல்லாத நேரத்தில், இன்ஜின் இருமி இருமி நின்றுவிட்டது. பில்டர் அடைத்துக்கொண்டது என்று எனக்கே தெரிந்தது. எவ்வளவு திருகியும் டப்பா அசையவில்லை. மெக்கானிக்குக்கு ஆள் அனுப்பினோம். மாதா கோயில் தெருக்காரர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். இரண்டரை மணிக்குச் சைக்கிளில் வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

“தம்பி, நாலு மணி பஸ்ஸுக்கு நான் சேத்தியாத்தோப்பு போயாவணும். எங்க அக்கா வூட்டுல வெச்சு எம் பொண்ண பாக்க வராங்க. அப்பங்காரன் இல்லாம எப்படி? டப்பா ஒன்னு தானே, பத்து நிமிசம்.”

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

சங்கிலி ஸ்பானரைச் சுற்றி இழுத்தார். சங்கிலி வழுக்கியது, டப்பா நசுங்கியது. குனிந்து பார்த்தார். வாசரைச் சுற்றி வெள்ளையாகப் பூத்திருந்தது. நகத்தால் சுரண்டினார்.

“பாத்தீங்களா, உப்பு! கடல்ல கெடந்த இன்ஜினு, உப்பு உள்ளார போயி கெட்டிச்சிருக்குது. வித்தவன் நல்லா தலையில கட்டிட்டான் உங்க மொதலாளிக்கு.”

நான் தலையை ஆட்டினேன். வாயால் பொய் சொல்லவில்லை என்று அப்போது மனசுக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டது நினைவிருக்கிறது.

காய்ந்த சிலிகேட் எதற்கு அசையும் என்று எனக்குத் தெரியும். பிரஷ் இறுகிப்போனால் சுடுதண்ணீரில்தான் ஊறவைப்போம். மூன்று மணி ஆனபோது மெல்லக் கேட்டேன்: “அண்ணே, சுடுதண்ணி ஊத்திப் பாக்கலாமா?”

அவர் சிரித்துவிட்டார். “எதுக்கு? இன்ஜினுக்கு இடுப்பு வலியா? ஒத்தடம் குடுக்கவா?” பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். ஏன் என்று அவர் கேட்டிருந்தால் காரணம் சொல்ல வேண்டிவரும். நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்து அத்தோடு விட்டேன்.

ஸ்க்ரூடிரைவரை வைத்துச் சுத்தியால் அடித்து டப்பாவைக் குத்திக் கிழித்தார். அதைப் பிடித்துத் திருகியதும் தகரம் சுற்றிலும் கிழிந்து கையோடு வந்துவிட்டது. மேல் வளையம் மட்டும் இன்ஜினோடு ஒட்டிக்கொண்டு நின்றது. தகர விளிம்பு அவர் உள்ளங்கையை அறுத்துவிட்டது. பழந்துணியைச் சுற்றிக்கொண்டு உளியை எடுத்தார். ஒவ்வொரு அடிக்கும் ஒருமுறை வாசலைப் பார்த்தார்.

“நீங்க கெளம்புங்கண்ணே, நான் பாத்துக்கறேன்” என்றேன்.

“பாதியில வுட்டுட்டு போறதா? தொட்டியில மண்ணு ஒக்காந்துடுமே. உங்க பொழப்பு என்னாவறது?”

எங்கள் பிழைப்பைப் பார்த்துத்தான் அவர் நின்றார்.

நாலு மணி தாண்டியது. வார்ப்புப் பட்டறையில் ஒரு அக்கா இருந்தார்கள். கூழுக்கு சிலிகேட் அளந்து ஊற்றுவது அவர்கள் வேலை. என்ன சத்தம் என்று பார்க்க வந்தவர்கள், கீழே கிடந்த வெள்ளைச் சில்லு ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.

“உப்பாமே தம்பி? கரிக்குதான்னு நாக்குல வெச்சுப் பாத்தீங்களா?”

நான் குனிந்து கிழிந்த தகரத்தைப் பொறுக்கினேன். அவர்கள் டீ போடுகிற ஸ்டவ்வில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, சாக்குத் துண்டை நனைத்து வந்து, யாரையும் கேட்காமல் வளையத்தின்மேல் சுற்றினார்கள். இரண்டு மூன்று தடவை மாற்றிச் சுற்றியதும், மெக்கானிக் உளியை மெதுவாகத் தட்டினார். வளையம் தட்டென்று கீழே விழுந்தது.

“அடேங்கப்பா, தங்கச்சி கை ராசி!” என்றார் அவர். “தம்பியும் அப்பவே சொல்லிச்சு. நான்தான் கிண்டல் பண்ணிட்டேன்.”

என்னைத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அக்கா என்னைத் திரும்பிப் பார்க்காமல் பட்டறைக்குள் போய்விட்டார்கள்.

அவர் புது பில்டரின் வாசரில் ஒரு சொட்டு எண்ணெய் தடவி, கையாலேயே திருகி மாட்டினார். “இவ்ளோதான் தம்பி. வேற ஒன்னுமே வேணாம்.” இன்ஜின் ஓடியது. சோப்பு போட்டும் கையில் டீசல் வாடை போகவில்லை. சட்டையைப் போட்டபோது கைப் பொத்தான் பக்கத்தில் ரத்தம் பட்டுவிட்டது. “போயிட்டு வரேன்” என்று சைக்கிளை மிதித்தார். அடுத்த பஸ் ஐந்தரைக்கு.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. தொட்டியைக் கலக்க நான் மட்டும் வந்திருந்தேன். மறந்துபோன சங்கிலி ஸ்பானரை எடுக்க, மாதா கோயிலில் பூசை முடிந்து கைக்கட்டோடு வந்தார். பெண் பார்க்க வந்தவர்கள் ஆறு மணி வரை இருந்துவிட்டு, இன்னொரு நாள் பார்க்கலாம் என்று சொல்லிப் போய்விட்டார்களாம். ஸ்பானரைத் துடைத்து வைத்திருந்தேன். கொடுத்தேன். கசியுதா என்று கேட்டார். இல்லை என்றேன்.