லிஃப்ட்காரன் பார்த்த பேய்ப்படம்

சனிக்கிழமை மதியக் காட்சி முடிந்து கூட்டம் வெளியே வரும்போது, படிக்கட்டில் ஒருவன் மட்டும் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தால் அது அவன்தான். டிக்கெட் கிழிக்கிறவருக்குக்கூட அது பழகிவிட்டது.

"என்ன சார், இன்னைக்கும் பிடிக்கலையா?"

"பிடிக்கலையாவா? மூணு மணி நேரம் காதுல பூ சுத்தி அனுப்பிட்டு, கேள்வி வேற கேக்கறீங்களா?"

அவனுக்கு லிஃப்ட் பழுதுபார்க்கிற வேலை. கோபம் மூக்கு நுனியில் இருக்கும், ஆனால் வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. லிஃப்டின் மேல் கூரையிலும் அடிக் குழியிலும் உட்கார்ந்து, கிரீஸும் தூசியுமாக வாரம் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பான். அந்த வாரத்துக் கோபம் மொத்தமும் சனிக்கிழமை சினிமாவின் தலையில் இறங்கும். கூட வேலை செய்கிற கூட்டாளி அவனை 'விமர்சகரே' என்றுதான் கூப்பிடுவான்.

சூப்பர்ஹீரோ படம் என்றால் அவனுக்குக் கட்டடங்களைப் பற்றித்தான் கவலை. ஒருவன் இன்னொருவனைத் தூக்கி எறிகிறான். எறியப்பட்டவன் ஒரு பெரிய கட்டடத்தில் இந்தப் பக்கம் புகுந்து அந்தப் பக்கம் வந்து விழுகிறான். எழுந்து தோளைத் தட்டிவிட்டுக்கொள்கிறான். அந்தக் கட்டடத்தில் எத்தனை லிஃப்ட் இருந்திருக்கும், அதற்குள் எத்தனை பேர் நின்றிருப்பார்கள்? கேட்க நாதியில்லை. அடுத்த காட்சியில் ஹீரோ ஒரு கடையில் உட்கார்ந்து காபி குடிக்கிறான்.

"ஊர் பூரா தரைமட்டம். அந்தக் காபிக்கடைக்கு மட்டும் கரண்ட் எங்கேருந்துடா வந்துச்சு?" என்று தியேட்டருக்குள்ளேயே கேட்டுவிட்டான். முன்வரிசையிலிருந்து 'உஷ்' என்றார்கள். பதில் தெரியாதவன்தான் உஷ் என்பான் என்பது அவன் கட்சி.

பறப்பது அதைவிட எரிச்சல். ஆள் பறக்கலாம், ஆனால் அவசரத்துக்குப் பறக்கமாட்டான். ஊர் பாதி எரிந்த பிறகுதான் வருவான். அதுவும் மெதுவாக, காற்றில் துணி படபடக்க, இசை முடிந்த பிறகு இறங்குவான். "நான் இப்படிப் போய் நின்னேன்னா, உள்ள மாட்டினவன் செருப்பால அடிப்பான்" என்பான்.

கல்யாணமான புதிதில் அவன் மனைவி இரண்டே படம்தான் அவனோடு பார்த்தாள். பிறகு கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள். மாமா போன பிறகு, யோசனை சொன்னதும் அவள்தான். "அக்காவக் கூட்டிட்டுப் போங்க. சின்ன வயசுலேருந்து நீங்க கத்தறதக் கேட்டு வளந்தவங்க, தாங்குவாங்க."

மாமா என்பது அக்காவின் கணவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால், உட்கார்ந்த நாற்காலியிலேயே போய்விட்டார். அக்கா ஒரு பள்ளிக்கூடத்து ஆய்வகத்தில் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவி அடுக்கும் வேலை பார்த்து, போன வருஷம்தான் ஓய்வு பெற்றாள். பிள்ளை குட்டி இல்லை. ஆறாவது மாடியில் இரண்டு அறை வீடு. புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து வாங்கியது.

அந்தக் கட்டடத்து லிஃப்டைப் பராமரிப்பது அவனேதான். அது கிழட்டு லிஃப்ட், நகர்வதற்குள் பொழுது விடிந்துவிடும். மோட்டாரை மாற்றச் சொல்லி அவன் தொண்டை வறண்டதுதான் மிச்சம், கட்டடத்துக்காரன் எவனும் காதில் வாங்கவில்லை. ஆனால் அந்த லிஃப்ட் கிளம்புகிற முனகலை மாமா வீட்டுக்குள்ளிருந்தே கண்டுபிடிப்பார். அக்கா கடைக்குப் போய்த் திரும்புகிற நேரமானால் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஆறாவது மாடியில் கதவு திறக்கும்போது, பையை வாங்க ஒரு கையை நீட்டிக்கொண்டு வெளியே நிற்பார். பேசமாட்டார். பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடப்பார். இது எத்தனையோ வருஷமாக நடந்தது. அக்கா இதை ஒரு பெருமையாகச் சொன்னதில்லை, அவனும் இதை ஒரு விஷயமாக நினைத்ததில்லை.

ஒரு சனிக்கிழமை இரண்டு பேரும் ஒரு சூப்பர்ஹீரோ படம் பார்த்தார்கள். போன படத்தில் செத்தவன் இந்தப் படத்தில் வந்து நிற்கிறான். கேட்டால், அவன் வேறொரு பிரபஞ்சத்துக்காரனாம். பஸ்ஸில் வரும்போது ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அக்கா சொன்னாள், "அப்படி ஒரு உலகம் இருந்தா, உங்க மாமாவும் அங்க எங்கயாவது இருப்பாருல்ல?"

அவன் கோபத்தின் உச்சியில் இருந்தான். "செத்தா செத்ததுதான்! செத்தவன நாலு தடவ எழுப்பினா, எந்தச் சாவுக்கு அழறது? சுத்த ஏமாத்து வேல!"

அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். தன் வாய் என்ன செய்தது என்பது அவனுக்கு வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. உறைத்ததும் அந்தப் படத்தின் மேல் கோபம் இரண்டு மடங்கானது.

பேய்ப்படத்துக்குக் கூட்டிக்கொண்டு போனதும் அவன்தான். அதை அவன் யார் மேலும் தள்ள முடியாது. சுவரொட்டியில் ஒரு லிஃப்ட் கதவு, அதன் இடுக்கில் நாலு விரல். பார்த்ததுமே கை துறுதுறுத்தது. கிழித்துத் தோரணம் கட்டிவிடலாம் என்று போனான்.

இந்தக் காலத்துப் பேய்ப்படங்களைப் பற்றி அவனுக்கு நல்ல அபிப்பிராயம் எதுவும் கிடையாது. முன்பெல்லாம் பேய்க்கு ஒரு நியாயம் இருந்தது. எவனோ அநியாயம் செய்தான், அவனைத் தேடி வந்தது, கணக்கை முடித்துக்கொண்டு போனது. இப்போதைய பேய்க்கு வேலையே கதவைச் சாத்துவதும் கட்டிலை ஆட்டுவதும்தான். பயமுறுத்துவதும் பேய் இல்லை, ஸ்பீக்கர். பத்து நிமிஷம் சத்தமே இல்லாமல் வைத்திருந்து, திடீரென்று காதருகே தகரத்தைத் தட்டினால் எவனும்தான் துள்ளுவான். வீட்டுக்குள் என்ன நடந்தாலும் எவளும் விளக்கைப் போடமாட்டாள். "சுவிட்ச் உன் கைக்குப் பக்கத்துலதானே இருக்கு, போட்டுத் தொலையேன்!" என்று அவன் அன்றைக்கும் கத்தினான்.

அந்தப் படத்தின் கதை இதுதான். பெரிய அடுக்குமாடியில் ஒருத்தி தனியாக இருக்கிறாள். புருஷன் செத்துப்போயிருக்கிறான். எந்த மாடியில் லிஃப்ட் கதவு திறந்தாலும் அவன் வெளியே நிற்கிறான். அவள் அலறுகிறாள், கதவை மூடும் பொத்தானை அழுத்துகிறாள். அடுத்த மாடியில் கதவு திறக்கிறது, அங்கேயும் நிற்கிறான். கடைசியில் கயிறு அறுந்து லிஃப்ட் அதலபாதாளத்தில் விழுகிறது.

"ஒரு கயிறா இருக்கு, அறுந்தவுடனே விழறதுக்கு? பிரேக்னு ஒண்ணு இருக்கறது இவனுங்களுக்குத் தெரியுமா? எந்த மடையன்டா எழுதினான் இத?" படிக்கட்டில் நின்று அவன் பொரிந்து தள்ளினான். அக்கா அன்றைக்குச் சிரிக்கவில்லை. வழக்கமாக, "போதும்டா, ஆள் பாக்கறாங்க" என்பாள். அதையும் சொல்லவில்லை.

அடுத்த வாரமே மனைவி சேதி கொண்டுவந்தாள். "அக்கா முழங்கால் பூசணிக்கா மாதிரி வீங்கிக் கெடக்கு. லிஃப்ட்ல ஏறமாட்டேங்கறாங்களாம். படியிலதான் ஏறி இறங்கறாங்க. டாக்டர் படியே ஆகாதுன்னு சொன்ன காலுங்க அது."

அவனுக்கு ரத்தம் தலைக்கேறியது. அவன் கையால் எண்ணெய் போட்டு, அவன் கண்ணால் பார்த்த கயிறு. சொந்த அக்காவே அதை நம்பவில்லை. எவனோ ஒருத்தன் குளிர் அறையில் உட்கார்ந்து அளந்த கதையை நம்பிவிட்டாள். அந்தச் சனிக்கிழமை அவள் படத்துக்கும் வரவில்லை. "இறங்கினா ஏறணுமேடா" என்றாள். பிறகு கடைக்குப் போவதும் நின்றது, எதிர்வீட்டுக்காரி வாங்கிக் கொடுப்பதுதான் சாமான். அதற்கும் அடுத்த வாரம், வீட்டைப் பூட்டிவிட்டு வெளியூரில் இருக்கும் மாமாவின் தங்கை வீட்டுக்கே போய்விடலாமா என்று மனைவியிடம் கேட்டிருக்கிறாள். தரைத்தளமாம், சௌகரியமாம்.

"ஒரு மொக்கப் படத்துக்குப் பயந்து வீட்ட விட்டுட்டுப் போவாளா? நான் விட்டுடுவேனா?"

கூட்டாளியை அழைத்துக்கொண்டு போய் லிஃப்டை நிறுத்தினான். அக்காவை மெல்ல இறங்கி வரச் சொல்லி, கீழே ஒரு நாற்காலியில் உட்கார வைத்தான். மணல் மூட்டைகளை ஏற்றி, லிஃப்டை வேகமாக இறக்கி, பிரேக் இருபக்கத் தண்டவாளத்தையும் கவ்விப் பிடிப்பதைக் காட்டினான். கயிறுகள் ஒவ்வொன்றையும் எண்ணச் சொன்னான். ஒன்று போனால் இன்னொன்று, எல்லாம் போனாலும் பிரேக். தொண்டை கட்டுகிற வரைக்கும் விளக்கினான்.

"அக்கா, இதுல யானைய ஏத்தினாலும் விழாது" என்று கூட்டாளி முத்தாய்ப்பு வைத்தான்.

"தெரியும்பா. நல்லா வேல செய்யறீங்க ரெண்டு பேரும்" என்றாள் அக்கா. வாசலில் நின்ற வண்டியில் கொஞ்சம் காய்கறி வாங்கிக்கொண்டாள். பையைத் தூக்கிக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியாக ஏற ஆரம்பித்தாள்.

அவன் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. பின்னாலேயே ஓடினான். முதல் திருப்பத்திலேயே அவள் மூச்சு வாங்கிப் படியில் உட்கார்ந்திருந்தாள்.

"என்னக்கா நெனச்சிட்டிருக்க உன் மனசுல? நான் என்ன கிறுக்கனா? ஒரு பேய்ப்படத்தப் பாத்துட்டு இந்த வயசுல பயந்து சாகறியே, வெக்கமா இல்ல உனக்கு?"

"பயமா?" என்றாள் அக்கா. அவளுக்கும் கோபம் வந்திருந்தது. அவன் கோபத்துக்கெல்லாம் மூத்த கோபம் அது. "எனக்கென்னடா பயம்? அவர் வந்து நின்னா நான் எதுக்குடா பயப்படணும்?"

அவன் ஒரு படி கீழே இறங்கி நின்றான்.

"உங்க மாமா போனப்புறமும் லிஃப்ட்லதானே போயிட்டு வந்திட்டிருந்தேன்? கதவு திறக்கும், இறங்குவேன், பூட்டத் திறப்பேன், அவ்வளவுதான். அந்தப் பாழாப்போன படத்தப் பாத்ததுலேருந்து, கதவு திறந்தா கண்ணு தேடுது. தேடாதேன்னா கேக்கமாட்டேங்குது. யாரும் இல்ல. ஒவ்வொரு தடவையும் யாரும் இல்ல. படத்துல அவ கத்தறா, கதவ மூடறா. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சுடா. அவளுக்காவது வந்தான்ல, அந்த ஆளு?" முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "படியில ஏறினா மூச்சு வாங்கும். வேற நெனப்பு வராது. அதான். நீ போய் உன் வேலயப் பாரு."

அவன் கீழே, திறந்து கிடந்த லிஃப்டையும் மணல் மூட்டைகளையும் பார்த்தான். கயிறு அறுந்துவிடும் என்று பயப்படுகிறவளுக்குக் காட்டவேண்டியதை எல்லாம் காட்டியாகிவிட்டது. இதற்கு எந்த நட்டைத் திருகுவது? அந்தப் படத்தை எடுத்தவன் எதிரில் இருந்திருந்தால் கழுத்தைப் பிடித்திருப்பான். செத்தா செத்ததுதான் என்று பஸ்ஸில் கத்தியவன் கழுத்தையும்.

"எழுந்திரு" என்றான்.

"என்னடா?"

"எழுந்திருன்னா எழுந்திரு!"

அவள் கையைப் பிடித்துக் கீழே இறக்கினான். கூட்டாளி ஒன்றும் புரியாமல் மூட்டைகளை இழுத்து வெளியே போட்டான். அவளைப் பையோடு லிஃப்டுக்குள் நிறுத்தி, ஆறை அழுத்தினான். "ஒரு தடவ. ஒரே ஒரு தடவ ஏறு. அப்புறம் எந்த ஊருக்கு வேணா போ." அவன் முகத்தைப் பார்த்துப் பயந்தே அவள் இறங்காமல் நின்றாள். கிழட்டுக் கதவு முனகிக்கொண்டு மூட ஆரம்பித்தது.

அவன் படிக்கட்டைப் பார்த்து ஓடினான்.

"விமர்சகரே, உனக்கென்ன ஆச்சு?" என்று கூட்டாளி கத்தியது பின்னால் தேய்ந்தது. முதல் மாடியில் திரும்பும்போதே பொத்தானை ஓங்கி அழுத்தினான். லிஃப்ட் அங்கே நிற்கட்டும். இரண்டாவது மாடியிலும் அழுத்தினான். மாடிக்கு மாடி பொத்தானை அழுத்திவிட்டு ஓடும் பிள்ளைகளை அந்தக் கட்டடத்தில் அவன் திட்டாத நாளில்லை. இப்போது தொப்பை குலுங்க, அதையே செய்துகொண்டு ஓடினான். அவனுக்குக் கீழே கதவு திறந்து, யாருமில்லாமல் மூடிக்கொள்கிற சத்தம் கேட்டது. மறுபடி திறந்து, மறுபடி மூடியது. உள்ளே அவள் கண் தேடிக்கொண்டிருக்கும் என்று நினைத்தபோது நெஞ்சு எரிந்தது. மாற்றாத மோட்டாரை, மாற்ற விடாத கஞ்சன்களை, முழங்காலை, படிகளை, எல்லாவற்றையும் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே ஏறினான். நாலாவது மாடியில் திட்டுவதற்கு மூச்சு இல்லை. ஐந்தில் சுவரைப் பிடித்துக்கொண்டான். ஆறாவது மாடிக்கு அவன் வந்து விழுந்தபோது லிஃப்டின் முனகல் காலுக்கடியில் வந்துவிட்டது.

சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். கதவுக்கு நேராக நின்று, ஒரு கையை நீட்டினான்.

கதவு திறந்தது.

அக்கா அவனைப் பார்த்தாள். நீட்டிய கையைப் பார்த்தாள். வேர்வை சொட்டுகிற முகத்தையும், துருத்தி மாதிரி ஏறி இறங்குகிற மார்பையும் பார்த்தாள். மூடப்போன கதவை அவன் காலால் தடுத்தான்.

"படியேறியாடா வந்த?"

"பின்ன, பறந்தா வருவாங்க?" என்று சீறினான். "பையக் குடு."

அவள் பையைக் கொடுத்தாள்.