அம்சம் தயார் செய்த மோட்டார் கொட்டகை

அம்சம் எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்யமாட்டாள். அந்தச் சனிக்கிழமை எல்லாம் தப்பாகப் போனதற்கு அதுதான் காரணம் என்று சொன்னால் என்னோடு சண்டைக்கு வருவாள். வந்தால் வரட்டும், உண்மை அதுதான்.

என் பெயர் வைத்தியலிங்கம். கீழ்வேளூருக்குத் தெற்கே அம்சம் வீட்டு வயலும் என் வயலும் அடுத்தடுத்து இருக்கின்றன. அவளுக்கு நான் அண்ணன் முறை, கூடப் பிறந்தவன் இல்லை. பதினைந்து வயதில் கூலிக்கு நாற்று நடப் போனவள் அவள். இருபத்தைந்து வயதில் முப்பது பெண்களை நடவுக்குக் கூட்டிப்போகும் ஆளாகிவிட்டாள். வயலின் மூலையில் ஒரு முழம் இடம் விட்டுப்போயிருந்தாலும், கரையேறியவர்களை மறுபடி சேற்றில் இறக்குவாள். அவள் வாய்க்குப் பயந்தே மிராசுதார்கள் கூலியை இழுத்தடிக்க மாட்டார்கள். அப்படிப் பாடுபட்டுத்தான் அவளும் அவள் புருஷன் செல்லதுரையும் ஒன்பது மா, அதாவது மூன்று ஏக்கர் நிலம் வாங்கினார்கள், ஒரே மகள் எழில்மொழியைப் படிக்க வைத்தார்கள். மகள் இப்போது கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறாள்.

போன வருஷம் தாளடி நெல், இந்த வருஷம் குறுவை நெல். இரண்டும் அறுக்கிற நேரத்தில் மழையில் சாய்ந்து, தண்ணீரிலேயே கிடந்து முளைவிட்டன. ஊரில் எல்லோருக்கும்தான் போயிற்று. நாங்கள் வானத்தைத் திட்டினோம், பயிர் இன்சூரன்ஸ்காரனைத் திட்டினோம், அடுத்த நாற்றுக்கு விதை ஊறவைத்தோம். செல்லதுரை மட்டும் யாரையும் திட்டவில்லை. டீக்கடைக்கு வருவது நின்றது. அவனுடைய பட்டன் போன் வாய்க்காலில் விழுந்தது, இறங்கி எடுக்கவில்லை. ஐப்பசி பிறந்து நாலாம் நாள் என் வீட்டுக்கு வந்து, தன் புது மண்வெட்டியை நீட்டினான்.

"மச்சான், இத நீங்க வெச்சுக்கங்க."

"உனக்கு வேணாமாடா?"

"உங்க கைக்குத்தான் சரியா இருக்கும்."

கருவேலங்காம்பு போட்ட நல்ல மண்வெட்டி. சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன். ஒருவன் தன் கைச்சாமானை எடுத்து அடுத்தவனுக்குக் கொடுக்கிறானே, ஏன் என்று கேட்க வேண்டாமா? கேட்கவில்லை. அந்த மடத்தனத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

எழில்மொழிதான் அப்பாவின் குரலைப் போனில் கேட்டே ஏதோ சரியில்லை என்று கண்டுபிடித்தாள். தஞ்சாவூரில் மனநல ஆலோசனை தரும் நுஸைபா என்ற பெண்ணிடம் பேசி ஏற்பாடு செய்தாள். செல்லதுரை பஸ் ஏற மறுத்துவிட்டான். ஊர்க்காரன் யாராவது அந்த வாசலில் பார்த்துவிட்டால் என்ன செய்வது என்றான். சரி, போனில் முகம் பார்த்தே பேசலாம், சனிக்கிழமை பதினோரு மணிக்கு என்று முடிவாயிற்று. நுஸைபா சொன்ன நிபந்தனைகள் கொஞ்சம்தான். யார் காதிலும் விழாத இடம், உள்ளே தாழ்ப்பாள் போடுகிற கதவு, நல்ல சிக்னல், முழு சார்ஜ், பக்கத்தில் இருக்கும் ஒருவருடைய நம்பர்.

அம்சம் வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டிலிருந்து "நூறு" என்பார்கள். சிக்னலும் ஒரு கோடுதான். வயலில் இருக்கும் மோட்டார் கொட்டகையில் நாலு கோடு வந்தது. அம்சம் இரண்டு நாள் அதைப் பெருக்கினாள், ஒட்டடை அடித்தாள், ஸ்டார்ட்டர் பெட்டியைக்கூடத் துணி நனைத்துத் துடைத்தாள். கரண்ட் வந்ததும் மோட்டார் தானாக ஓடிப் பேச்சைக் கெடுக்கக் கூடாதென்று ஆட்டோ ஸ்விட்சை நிறுத்தினாள். வீட்டிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. போன் சாயாமல் நிற்க ஒரு செங்கல், அதன்மேல் மடித்த சாக்கு. தரையில் உருண்டுகிடந்த பூச்சிமருந்து பாட்டில்கள் அவள் கண்ணை உறுத்தின. முதுகுக்குப் பின்னால் குப்பையாகத் தெரியக் கூடாது என்று, நாலையும் துடைத்து, நாற்காலிக்குப் பின்னால் இருந்த பலகையில் வரிசையாக வைத்தாள். படம் போட்ட பக்கம் முன்னால் தெரியும்படி.

வெள்ளிக்கிழமை என்னிடம் வந்தாள்.

"அண்ணே, நாளைக்குப் பதினோரு மணிக்கு உங்க இன்ஜினப் போட்டுடாதீங்க. அவரு பேசணும்."

"கலெக்டர்கிட்டயா பேசப் போறான்?" என்று சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. "ஒரு தாழ்ப்பாள் வேணும். கெட்டியா இருக்கணும்."

பழைய கதவிலிருந்து கழற்றி வைத்திருந்த இரும்புத் தாழ்ப்பாள் ஒன்று என்னிடம் இருந்தது. நானே போய் அடித்துக்கொடுத்தேன். அங்கே நான் நிற்கும்போதுதான் எழில்மொழி போனில் கேட்டாள், அவசரம் என்றால் கூப்பிட யார் நம்பரைப் போடுவது என்று.

"என் நம்பரையே போடு. நாந்தானே பக்கத்துல இருக்கப் போறேன்" என்றாள் அம்சம்.

வீட்டில் அந்த ஒரு போன்தான் இருக்கிறது, அதையேதான் செல்லதுரை கையில் கொடுக்கப் போகிறாள். இது அவளுக்கும் தோன்றவில்லை, மகளுக்கும் தோன்றவில்லை, சுத்தியலோடு நின்ற எனக்கும் தோன்றவில்லை.

சனிக்கிழமை வானம் மூடிக்கிடந்தது, காற்றே இல்லை. செல்லதுரை சவரம் செய்துகொண்டு, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தான். மாப்பிள்ளை மாதிரி இருக்கிறாயே என்று வாய்வரை வந்தது. அவன் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன். கொட்டகைக்குள் போனான். தாழ்ப்பாள் விழும் சத்தம் என் வயல்வரை கேட்டது.

அம்சம் வாய்க்கால் கரையில் புங்கமரத்தடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். அந்தப் பக்கம் புல்லறுக்க வந்த இரண்டு பெண்களை விரட்டினாள். ஒரு வார்த்தைகூடக் காதில் விழாத தூரம்தான் வேண்டும் என்று நுஸைபா சொன்னதால், அவ்வளவு தூரம். நான் செல்லதுரை கொடுத்த மண்வெட்டியால் வரப்புக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தேன்.

பதினொன்றரை இருக்கும். என் போன் அடித்தது. எழில்மொழி.

"வைத்தி மாமா, அம்மா எங்க? கொட்டாய்க்கு ஓடுங்க!"

"என்னம்மா ஆச்சு?"

"அப்பாவுக்குப் பின்னாடி மருந்து பாட்டிலா இருக்காம். அதப் பத்தி நுஸைபா மேடம் கேட்டதும் எழுந்து அந்தப் பக்கம் போனாராம். அப்பவே கட் ஆயிடுச்சாம். அவங்க அம்மா நம்பருக்குப் போடுறாங்க, யாரும் எடுக்கல மாமா!"

அம்சம் என்று கத்தினேன். என் குரலைக் கேட்டதுமே அவளுக்குப் புரிந்துவிட்டது போல, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடிவந்தாள். தாளடிக்கு உழுதுபோட்ட சேறு முழங்கால்வரை இழுத்தது. வாழ்நாளெல்லாம் சேற்றில் நடந்தவள் அன்றைக்கு இரண்டு தடவை விழுந்தாள்.

கொட்டகைக்குள் போன் அடித்துக்கொண்டிருந்தது. நின்றது. மறுபடி அடித்தது.

"என்னங்க! கதவத் தொறங்க! என்னங்க!"

அவள் இரண்டு கையாலும் கதவை அறைந்தாள். நான் கொடுத்த தாழ்ப்பாள், அசையவே இல்லை. நல்ல இரும்பு என்று நான் பீற்றிக்கொண்ட தாழ்ப்பாள். அதைப் பெயர்க்க மண்வெட்டியை ஓங்கினேன்.

அப்போது உள்ளே நாற்காலி நகர்ந்தது. கதவு திறந்தது.

செல்லதுரை நின்றான். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. எங்கள் இருவரையும் யாரோ போலப் பார்த்தான்.

"அடிச்சிக்கிட்டேதான் இருந்துச்சு. நாந்தான் எடுக்கல" என்றான்.

"ஏங்க எடுக்கல?"

"எடுத்தா பதில் சொல்லணும்ல. இதையெல்லாம் யாரு கையில குடுக்கலாம்னு அந்தப் பொண்ணு கேட்டுச்சு."

அம்சம் முந்தானையை விரித்து ஏந்தினாள். அவன் பலகையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து அதில் வைத்தான். நாலு பாட்டில்கள். எல்லாவற்றிலும் மூடி இருந்தது. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அவள் முந்தானையைச் சுருட்டிக்கொண்டு திரும்பினாள்.

"இரு அம்சம்" என்றான்.

ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பின்னால் கையை விட்டு ஒரு மஞ்சள் பையை உருவினான். அதற்குள் இன்னொரு பாட்டில் இருந்தது, புதிது. இரண்டு நாள் அந்தக் கொட்டகையை மூலை விடாமல் துடைத்தவளின் கண்ணில் அது படவில்லை. அதையும் அவள் முந்தானையில் வைத்தான்.

அம்சம் வாசல் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை. பயிர் போனபோதும் அழாதவள்.

"எப்பலேர்ந்துங்க இது இங்க இருக்கு?" என்று கேட்டாள்.

அவன் அவளைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேல் பார்த்தான்.

"மச்சான்கிட்ட அதக் குடுத்த நாள்லேர்ந்து."

நான் மண்வெட்டியை இன்னும் ஓங்கியபடியே நின்றுகொண்டிருந்தேன்.